தேயாத இரண்டாம் கியர்

கார் கேட்டை நெருங்கித் திரும்பும்போதே வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"சின்னவ வந்துட்டா! யாராவது போய்க் கேட்டைத் திறங்க!"

கேட் திறந்துதான் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பல் டாக்டர் வண்டியை நிறுத்தினாள்.

"கேட்டீங்களா?" என்றாள் மெல்ல. "ரெண்டு மாசமா தினமும் சாயங்காலம் இதேதான். என் தங்கச்சியை ஏரி முழுங்கி பத்து வருஷம் ஆகுது. அப்பா தினமும் அவளுக்குக் கேட்டைத் திறக்கச் சொல்றாரு."

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த வால் என்பவன், ஜன்னல் கண்ணாடியை அவசரமாக ஏற்றிக்கொண்டான். ஆட்களைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரன் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. பின்சீட்டில் இருந்தவர் அவனுடைய முதலாளி, சர்வேயரம்மா. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எது விபத்து, எது நாடகம் என்று சொல்வதிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். மீதி வாழ்க்கையைத் துப்பறிவதற்கு என்று எழுதி வைத்துவிட்டார்.

"பேய்னா மரத்துல குடியிருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம்," என்றான் வால். "பெட்ரோல் போட்டுக்கிட்டு வர்ற பேயை இப்பத்தான் பார்க்கறேன்."

"வாயை மூடிட்டுக் காதைத் திற."

அரை மணிக்கு முன்னால், சோதித்துப் பார்ப்பதற்காக, சர்வேயரம்மா தன் சொந்தக் காரை இதே கேட் வழியாக உள்ளே ஓட்டி வந்திருந்தார். அப்பா படுத்திருந்த உள்ளறை மூச்சுவிடவில்லை. பின்னாலேயே வால் தன் பைக்கில் வந்தான். "யாருப்பா அது? முதல்ல சைலன்ஸரை மாத்து!" என்று ஓர் அதட்டல் மட்டும் வந்தது. மூன்றாவதாக, மூவரும் ஏறி வந்த இந்தப் பழைய கார். கதவு திறக்கும் முன்பே சின்னவள் வந்துவிட்டாள்.

"உங்க அப்பாவுக்குக் கண்ணு போயிருக்கலாம் டாக்டர். புத்தி போகல," என்றார் சர்வேயரம்மா. "அவர் வண்டியோட சத்தத்தைக் கேட்டுத்தான் பேசறாரு. ஆனா இது அவரோட கார்தானே? அம்பது வருஷமா இந்தச் சத்தத்தைக் கேட்டவராச்சே?"

"உடம்புதான் அப்பாவோட கார். உள்ள இருக்கறது வேற. பழைய எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. இந்த மாடலுக்கு உதிரி பாகம் வர்றதே இல்ல. அதனால வேற ஒரு வண்டியிலேருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாத்தையும் கழட்டி இதுல மாட்டினாங்க. அப்புறம்தான் இந்தக் கூத்து."

"வேற வண்டின்னா?"

"அதே கம்பெனியோட பின்னாடி வந்த மாடல். அதோடதுதான் இதுக்குப் பொருந்துமாம்." டாக்டர் எஞ்சினை அணைத்தாள். "தங்கச்சியோட கார் அந்த மாடல்தான். அப்பா அந்தக் கம்பெனியைத் தவிர வேற எதையும் நம்பமாட்டாரு. அவளுக்குன்னு புதுசா வாங்கிக் குடுத்தாரு. வாங்கின நாள்லேருந்தே பின்னாடி ஒரு முனகல். சர்வீஸ்ல எத்தனை தடவை விட்டும் போகல. அவ அதை 'பாட்டு'ம்பா."

தெருவில் திரும்பியபோது சீட்டுக்கு அடியிலிருந்து வந்த மெல்லிய முனகல் அவர்கள் காதில் இன்னும் இருந்தது. வாய் மூடியபடி யாரோ பாடுவது போல.

"ஏரியில என்ன கிடைச்சுது?" என்றார் சர்வேயரம்மா.

"காரும் கிடைக்கல, அவளும் கிடைக்கல. ஆழம், சேறுன்னு சொல்லிட்டாங்க. கரையில அவ செருப்பு மட்டும் இருந்துச்சு. நான் அப்போ வெளியூர்ல படிச்சிட்டிருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு வந்து பார்த்தா, அந்தச் செருப்பைத்தான் என் கையில குடுத்தாங்க. அதுக்கு முந்தின லீவுல நான் வாங்கிக் குடுத்தது. அடியில ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடக் கிழியல. அதைப் பார்த்துதான் ரொம்ப அழுதேன்."

சர்வேயரம்மாவின் பேனா நின்றது. அவர் எதுவும் கேட்கவில்லை. வால் மட்டும் அதைக் கவனித்தான். மேடம் கேள்வி கேட்காமல் விட்டால், பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப். மெக்கானிக் இவர்களைப் பார்த்ததும் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பார்ட்ஸெல்லாம் கம்பெனி ஸ்டோர்ல தூங்கிட்டிருந்த புதுச் சரக்கும்மா. பிரிக்காத பெட்டியில வந்துச்சு."

"இவர் பொய் சொன்னா மூக்கு நீளாது மேடம்," என்றான் வால். "பில்லுதான் நீளும்."

"கியர்பாக்ஸை இறக்குங்க," என்றார் சர்வேயரம்மா. "பெட்டி பிரிக்காத சரக்கைப் பார்க்க ஆசையா இருக்கு."

இறக்கி மூடியைத் திறப்பதற்குள் மதியமாகிவிட்டது. எண்ணெய் வடிந்து பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. சர்வேயரம்மா டார்ச்சை டாக்டரின் கையில் கொடுத்தார்.

"பல்லைப் பார்த்து வயசு சொல்றது உங்க தொழில். சொல்லுங்க."

டாக்டர் தயங்கினாள். பிறகு, வாயைத் திறந்து காட்டும் நோயாளியைப் பார்ப்பதுபோல் குனிந்தாள். குனிந்ததும் அவள் முகமே மாறிவிட்டது.

"ரொம்ப வருஷம் உழைச்ச பல்லுங்க. இது எது?"

"முதல் கியர்," என்றார் மெக்கானிக், குரலே எழும்பாமல்.

"முனையெல்லாம் மழுங்கிப்போச்சு. இது?"

"மூணாவது."

"இதுவும் அப்படித்தான். ஆனா நடுவுல இருக்கற இது..." டார்ச் அசையாமல் நின்றது. "இது கடிக்கவே இல்ல. முனை கத்தி மாதிரி இருக்கு. முளைச்சதிலேருந்து ஒண்ணையும் மெல்லாத பல்லு."

"ரெண்டாவது கியர்," என்றார் சர்வேயரம்மா. "இந்த ரெண்டு மாசம் நீங்க போட்டதுதான் அது கண்டது."

"ஒண்ணாம் வகுப்பு முடிச்சு நேரா மூணாம் வகுப்பு!" என்றான் வால். "டபுள் ப்ரமோஷன் வாங்கின வண்டி போல."

டாக்டர் சிரிக்கவில்லை. டார்ச்சை அணைக்கவும் மறந்து நிமிர்ந்தாள். சர்வேயரம்மா ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்த இன்னொரு கியர்பாக்ஸைக் காட்டினார். அவளுடைய அப்பாவின் காரிலிருந்து கழற்றிப் போட்டது. மெக்கானிக் அதன் மூடியையும் நெம்பித் திறந்தார். உள்ளே இரண்டாவது கியரில் பாதிக்கு மேல் பல்லே இல்லை. உடைந்த இடங்கள் துருவேறி, பல வருடத்துப் பொக்கை வாயாக இருந்தன.

"அப்பா அதைச் சரிபண்ணவே இல்ல," என்றாள் டாக்டர். "'ரெண்டாவது எதுக்கு? ஒண்ணுலேருந்து மூணுக்குத் தாவு'ம்பாரு. நான் பின்னாடி டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன். தங்கச்சி மட்டும்தான் அப்பாகிட்ட, இந்த வண்டியில..."

அவள் மற்ற கியர்பாக்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வண்டியில பழகினவங்கதான் அந்த வண்டியை ஓட்டியிருக்காங்க," என்றார் சர்வேயரம்மா. "அப்போ அது உங்க தங்கச்சி கார்தான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா டாக்டர், அவங்க காணாமப்போனப்போ அந்தக் காருக்கு என்ன வயசு?"

"ஒரு வருஷம்கூட ஆகல."

"ஒரு வருஷத்துல இவ்வளவு தேயுமா?"

டாக்டர் மறுபடியும் அந்தத் தேய்ந்த பல்லைப் பார்த்தாள். ஏரிக்கு அடியில் யாரும் கியர் மாற்றுவதில்லை. கரையில் செருப்பு கண்டெடுத்த நாளுக்குப் பிறகு பல வருடங்கள், ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவித் தாவி, யாரோ இந்த வண்டியை ஓட்டியிருக்கிறார்கள்.

"நம்பிக்கையை இப்போதைக்கு ஒர்க்‌ஷாப்லயே விட்டுட்டுப் போங்க," என்றார் சர்வேயரம்மா அவள் தோளைத் தொட்டு. "நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். "பெட்டி பிரிக்காத சரக்கு எந்த இரும்புக் கடையிலேருந்து வந்துச்சு?"

மெக்கானிக் இம்முறை உண்மையைச் சொன்னார். கையைத் துடைக்கவும் இல்லை.

அடுத்த நாள் அவர்கள் தேடிப் போன பழைய இரும்புக் கடை ஊருக்கு வெளியே, ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருந்தது. எஞ்சின் பிடுங்கப்பட்ட கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. காற்றடிக்கும்போது தளர்ந்த கதவுகள் தாமாகத் திறந்து மூடின. உள்ளே யாரோ ஏறி உட்காருவது போலிருந்தது.

"எல்லாருமே ஏறியாச்சு, டிரைவர்தான் வரல போல," என்றான் வால். ஆனாலும் மேடத்தை விட்டு ஓரடி விலகவில்லை.

அவர்கள் தேடிய கார் கடைசி வரிசையில் தரையில் கிடந்தது. நம்பர் பலகை இல்லை. அடித்தளம் துருவில் சல்லடையாகியிருந்தது. சர்வேயரம்மா முதலில் டிரைவர் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது தண்டவாளத்தின் கடைசிப் பல்லில், முழுக்கப் பின்னால் தள்ளி, அப்படியே துருப்பிடித்து இறுகியிருந்தது.

"காலு நீளமான ஆள். பல வருஷம் சீட்டை நகர்த்தவே இல்ல. அப்போ வேற யாரும் ஓட்டல."

"டாக்டர் தங்கச்சியை வீட்டுல ஒட்டகச்சிவிங்கின்னு கூப்பிடுவாங்களாம்," என்றான் வால்.

டிக்கியின் இடுக்குகளில் விரலை ஓட்டியபோது சர்வேயரம்மாவின் விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. கண்ணாடித் துகள். அதன் கூடவே தங்க நிறம் பூசிய மெல்லிய மரச்சீவல்கள். அவற்றை உள்ளங்கையில் வைத்து ஊதினார்.

"தங்கக் கலர்ல மரம், கூடவே கண்ணாடி. என்ன தொழில் சொல்லு?"

"கட்டில் செய்யறவங்க?"

"கட்டிலுக்குக் கண்ணாடி போட்டா தூங்கினாப்பலதான். படத்துக்கு பிரேம் போடற கடை."

அடுத்து என்ன நக்கல் அடிப்பது என்று யோசித்துக்கொண்டே வால் பின்கதவைத் திறந்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

பின்பக்க ஜன்னல் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர்கள். கீழ் விளிம்பை ஒட்டி முயல், யானை, வாத்து. வெயிலில் வெளுத்து அவற்றின் உருவம் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு சாண் மேலே கார்களும் ரயில்களும், பாதி நிறத்தோடு. அதற்கும் மேலே பந்து உதைக்கும் ஆட்கள். எல்லாவற்றுக்கும் மேலே சனிக்கிரகமும் ராக்கெட்டும், நேற்று ஒட்டியதுபோல் பளபளவென்று.

"மேடம்," என்றான். "இந்தச் சீட்டுல ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கு. உட்கார்ந்துக்கிட்டே வளர்ந்திருக்கு."

அவன் சொன்னதில் ஒரு பொட்டு கிண்டல்கூட இல்லை. சர்வேயரம்மா வெளுத்துப்போன முயலின் மேல் கைவைத்துப் பார்த்தார். அது தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தையின் கை எட்டும் உயரம்.

இரும்புக் கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. "நெட்டையா ஒரு அம்மா வந்து வித்தாங்க. கூட ஒரு பையன். அந்தக் கண்ணாடியை மட்டும் கழட்டித் தரணும்னு ஒரே அடம். அழுதுக்கிட்டே போனான். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊருன்னு சொன்னாங்க."

"அந்தப் பக்கம்னா இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"காலையில கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

"பத்து வருஷமா மதியச் சாப்பாட்டுத் தூரத்துல இருந்திருக்காங்க," என்றான் வால், வண்டியில் ஏறியபடி. "யாருமே தேடலையா மேடம்?"

"காணாமப்போனவங்களைத்தான் தேடுவாங்க. செத்துப்போனவங்களை யார் தேடப்போறாங்க?"

அதற்கு மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்த அந்த ஊரில் பிரேம் கடை மூன்று. இரண்டில் ஆண்கள். மூன்றாவது கடை சந்து முனையில், குறுகலாக, உள்ளே நீண்டு போயிற்று. சுவர் முழுக்க முகங்கள். மீசை வைத்தவர்கள், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. பெரும்பாலானவர்கள் இப்போது உயிரோடு இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கடைக்கு வந்த ஒவ்வொருவரையும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள்.

மேஜையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்து நிமிர்ந்து, தலை மேலே தொங்கிய பல்புவரை போனாள்.

"என்ன சைஸ்?" என்றாள்.

"பிரேம் வேண்டாம்மா," என்றார் சர்வேயரம்மா. "ஒரு கேள்விதான். ரெண்டாவது கியர் போடவே மாட்டீங்களா?"

கண்ணாடியின் மேல் அவள் இன்னும் அழுத்திப் பிடித்திருந்த வைரமுனை கோட்டிலிருந்து விலகியது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, கடையின் பாதி ஷட்டரை இறக்கினாள்.

"அப்பா அனுப்பிச்சாரா?"

"இல்ல. உங்க அக்கா."

"அக்காவா?" சிரித்தாள். கேட்டவருக்குச் சிரிப்பு வராத சிரிப்பு. "அக்காவுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாமா?"

பிறகு மெதுவாகச் சொன்னாள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன் ஊரைவிட்டே போய்விட்டான். வயிற்றில் குழந்தை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. "வெளிய போ" என்றார், அவ்வளவுதான். அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள். எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வீட்டு வாசலுக்கே திரும்பினாள்.

"கேட்டைப் பூட்டியிருந்தாரு. எஞ்சினை அணைக்காம நின்னேன். ஹாரன் அடிக்கல. என் வண்டிச் சத்தம் அவருக்கு நல்லாத் தெரியும். ஜன்னல்கிட்ட வந்து நின்னாரு. பார்த்தாரு. விளக்கை அணைச்சுட்டாரு."

வால் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"பாலத்தைத் தாண்டி இங்க வந்தேன். அப்புறம் ஒரு நாள், வேலை செஞ்ச கடையில படத்தைச் சுத்தறதுக்குப் பழைய பேப்பரை எடுத்தேன். அதுல என் போட்டோ. அஞ்சலி விளம்பரம். நல்ல போட்டோதான் போட்டிருந்தாங்க." அவள் குரல் அங்கேதான் முதல்முறை தடுமாறியது. "கீழ ரெண்டு பேர் இருந்துச்சு. அப்பா பேர். அக்கா பேர். அப்பா என்னை அழிச்சதுல ஆச்சரியம் இல்லைங்க. அக்காவும் கையெழுத்துப் போட்டாளேன்னுதான்... சரி, செத்தவளாவே இருந்துடுவோம்னு விட்டுட்டேன்."

சர்வேயரம்மா சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க அக்கா வாங்கிக் குடுத்த செருப்பு ஞாபகம் இருக்கா?"

"வாசல்ல இருந்துச்சு. போடவே மனசு வரல, நல்ல நாள் பார்த்துப் போடலாம்னு வச்சிருந்தேன். ஏன்?"

"அது ஏரிக்கரையில கிடைச்சுது. அடியில ஒட்டின விலைச்சீட்டு கிழியாம. ஈர மண்ணுல ஒருத்தி நடந்து போயிருந்தா சீட்டு மிஞ்சுமா? அந்தச் செருப்பு காலில போகலம்மா. யாரோ கையில எடுத்துட்டுப் போய் வச்சிருக்காங்க. அன்னிக்கு அந்த வீட்டுல இருந்தது ஒரே ஒரு ஆள். உங்க அக்கா வெளியூர்ல இருந்தாங்க. வந்து பார்த்தா கையில செருப்பைக் குடுத்தாங்களாம். நீங்க ஏரியில இருக்கீங்கன்னு இந்த நிமிஷம் வரைக்கும் அவங்க நம்பறாங்க. இல்ல, முந்தாநாள் வரைக்கும்."

சுவரிலிருந்த முகங்கள் எல்லாம் அவளையே பார்த்தன. அவள் விரிசல் விட்ட கண்ணாடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா அழுதாளா?"

"உங்களைப் பத்திச் சொல்லித்தான் கேஸைக் குடுக்க வந்தாங்க," என்றார் சர்வேயரம்மா. "இன்னி வரைக்கும் ஒரு தடவைகூட உங்க பேரை முழுசா சொல்லி முடிக்கல. பாதியில நின்னுடுது."

அவள் தோள்கள் குலுங்கின. வால் எழுந்து போய், கேட்காமலேயே மீதி ஷட்டரையும் இறக்கிவிட்டான்.

"அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்," என்றாள் கடைசியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அக்காவை வரச்சொல்லுங்க."

அன்று சாயங்காலம் சர்வேயரம்மா கிளினிக்கில் வைத்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றாமலே கேட்டாள். பிறகு வீட்டுக்குப் போனாள். அவள் கேட்டுக்கொண்டதால் இவர்களும் கூடப் போனார்கள்.

உள்ளறையில் விளக்கு மங்கலாக எரிந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து, எதையும் பார்க்காத கண்களை வாசல் பக்கம் வைத்திருந்தார்.

"இன்னிக்கும் வண்டி வரலையே?" என்றார்.

"ஒர்க்‌ஷாப்ல இருக்குப்பா." டாக்டர் கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தச் செருப்பை ஏரிக்கரையில யாரு வச்சதுப்பா?"

கிழவரின் விரல்கள் போர்வையை இறுக்கின. மறுக்கப்போகிறார் என்று வால் நினைத்தான். சர்வேயரம்மா அப்படி நினைக்கவில்லை. பூட்டை உடைக்க ஆள் வரும்வரை காத்திருந்த முகம் அது.

"எல்லாரும் கேட்டாங்க," என்றார். "சின்னவ எங்க, சின்னவ எங்கன்னு. அவ இப்படிப் போயிட்டான்னு சொல்ல வாய் வரல. செத்துட்டான்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

"எனக்கும் அதையேதான் சொன்னீங்க."

"உன்கிட்ட சொன்னா நீ தேடுவே."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். "அப்புறம்?"

"சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். அவ செத்துட்டா, அவ்வளவுதான்னு. நிம்மதியாகூட இருந்துச்சு." மூச்சு வாங்கியது. "இந்த வண்டிக்கு வேற எஞ்சின் மாட்டிக் கொண்டுவந்தியே, அன்னிக்குத்தான்... அதே சத்தம். அதே மாதிரி வாசல்ல வந்து நின்னுச்சு. செத்தவ வந்து நிக்கறா, இப்பவாவது திறந்துடணும்னு... நீங்க யாருமே என் பேச்சைக் கேட்கல."

பேய் பிடித்தது காருக்கு இல்லை என்று வாலுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

"அவ இருக்காப்பா," என்றாள் டாக்டர்.

கிழவரின் வாய் திறந்தது. குருட்டுக் கண்கள் இங்குமங்கும் அலைந்தன. "எங்க? வாசல்லயா?"

"இங்க இல்ல. இங்க வரமாட்டாளாம்."

அவர் அழுதார். சத்தமில்லாத, காய்ந்த அழுகை. டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் கை நீளும், தோளைத் தொடும் என்று சர்வேயரம்மா எதிர்பார்த்தார். கை நீளத்தான் செய்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, போர்வையை இழுத்துவிட்டது. தோளைத் தொடவில்லை.

மறுநாள் அவர்கள் சர்வேயரம்மாவின் காரில் பாலத்தைக் கடந்தார்கள். வழி நெடுக டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாலும் பேசவில்லை, அதுதான் ஆச்சரியம். ஒரே ஒரு தடவை, "வாயில பஞ்சு வச்சா இப்படித்தான் இருக்கும் போல டாக்டர்," என்றான். அவள் லேசாகச் சிரித்தாள். அதற்காகத்தான் சொன்னான்.

வீடு கடைக்கு மேலே இருந்தது. குறுகலான படிகள். டாக்டர் முன்னால் ஏறினாள். மற்ற இருவரும் பாதிப் படியிலேயே நின்றுகொண்டார்கள். இதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை.

கதவைத் தட்டினாள். உள்ளே ஓடிவரும் கால் சத்தம். கதவைத் திறந்தது ஒரு பையன். வயசுக்கு மீறிய உயரம். கை நிறைய வண்ணப் பசை. கதவை முழுக்கத் திறக்காமல், இடுக்கில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க யாரு?"

வழி முழுக்க டாக்டர் தன் தங்கையிடம் என்ன பேசுவது என்றுதான் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். இந்தக் கேள்விக்கு ஒத்திகை இல்லை. தன்னை என்னவென்று சொல்வது என்று தேடினாள். இதுவரை யாரும் அவளை அப்படி அழைத்ததில்லை. அந்தச் சொல் வெளியே வரும்போது அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"பெரியம்மா. உன்னோட பெரியம்மா."

பையன் புருவத்தைச் சுருக்கினான். ஏமாற்ற வந்தவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தோரணையில் சொன்னான்:

"பெரியம்மா செத்துட்டாங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. பாதிப் படியில் நின்ற வால் சர்வேயரம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் அவன் உயரத்துக்குக் குனிந்தாள். அதிகம் குனிய வேண்டியிருக்கவில்லை.

"ஆமாண்டா கண்ணா," என்றாள். "உங்க அம்மாவைப் பத்தி எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். இரண்டு பக்கமும் கணக்கு சரியாக இருப்பதாக அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். கதவை விரியத் திறந்தான்.

"அப்போ உள்ள வாங்க," என்றான். "பசை இருக்கு, பார்த்து நடங்க."